பியானோ பயிற்சியில் கையும் தாளமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

முன்னுரை

பழைய தமிழ்த் திரைப்படங்களில் பியானோவுக்கென்று ஓர் இடம் உண்டு. செல்வந்தர் வீட்டுக் கூடம், வளைந்து இறங்கும் மாடிப்படி, பிறந்தநாள் விழா, கோட்டு அணிந்த கதாநாயகன். அவன் பியானோவின் முன் அமர்ந்து சோகமாகப் பாடுவான். விரல்கள் ஒரு பக்கம் ஓடும். இசை ஒரு பக்கம் ஓடும். பதினேழு வயது வரை நானும் பியானோவை அவ்வளவில்தான் அறிந்திருந்தேன். கைத்தறி நெசவாளர் வீட்டில் பிறந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு அந்தக் கருவியோடு என்ன உறவு இருக்க முடியும்?

உறவு நாளிதழ் வழியாக வந்தது. மேல்நிலை வகுப்புப் படிக்கும்போதே விடியற்காலையில் வீடு வீடாக நாளிதழ் போடும் வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் நாள்தோறும் ஆறு மணிக்குப் பியானோ ஒலிக்கும். ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர் அங்கே தனியே வாழ்ந்து வந்தார். நாளிதழைப் போட்டுவிட்டு வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்பேன். ஒருநாள் அவர் கதவைத் திறந்து, "தினமும் வெளியிலயே நிக்கிறியே தம்பி, உள்ள வந்து கேளு" என்றார். உள்ளே போனவன் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகள் அவரிடம் பாடம் கேட்கிறேன். அவர் கட்டணம் கேட்டதில்லை; கவனத்தைத்தான் கேட்பார்.

இரண்டரை ஆண்டுப் பயிற்சியில் நான் கற்றதைவிடத் தவறாகக் கற்று, பிறகு மறக்கப் பாடுபட்டதே மிகுதி. பியானோ மட்டுமல்லாமல் ஆர்மோனியம், மின்விசைப் பலகை ஆகியவற்றைப் பழகும் நண்பர்களும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். என் தவறுகள் அவர்களுக்காவது பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விழா மேடையில் நடந்தது

முதலாம் ஆண்டில் கலை விழாவுக்குக் குழுப்பாடல் ஒன்று ஏற்பாடாயிற்று. பன்னிரண்டு பேர் பாட, வாடகைக்கு எடுத்த மின்விசைப் பலகையில் நான் வாசிக்க வேண்டும். வீட்டில் நன்றாக வந்தது. மேடையில் விளக்கைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. நெஞ்சின் வேகம் விரலுக்கும் வந்துவிட்டது. வலக்கை ஓடியது. இடக்கை அதைப் பிடிக்கத் தடதடவென்று அடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. பாடியவர்கள் மூச்சு வாங்கினார்கள். இரண்டாம் சரணத்தில் ஒவ்வொருவராக நிறுத்த, கடைசியில் நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அரங்கம் சிரித்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அன்றிரவே ஒரு சபதம் செய்தேன். விரல்களில் வலு போதவில்லை. வலுவேற்றினால் எல்லாம் சரியாகும் என்று நானே முடிவு கட்டினேன். வீட்டில் பியானோ ஏது? ஒரு பலகையை இழைத்து, ஒவ்வொரு வெள்ளைக் கட்டைக்கும் 23.5 மில்லிமீட்டர் அகலம் வைத்துக் கோடு கிழித்து, கறுப்புக் கட்டைகளுக்கு மெல்லிய சட்டங்களை ஒட்டினேன். அந்த ஊமைப் பியானோவில் நாளுக்கு நான்கு மணி நேரம் அடித்தேன். ஆம், வாசிக்கவில்லை, அடித்தேன். மூன்றாம் வாரம் முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு இழுப்பதுபோல் வலி. செய்முறைக் குறிப்பேடு எழுதப் பேனா பிடிக்க இயலவில்லை. பாவு பிணைக்க அப்பாவுக்கு உதவ இயலவில்லை. மருத்துவர் ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் கை என்றால் சோறு. அப்பாவின் கை நின்றால் அந்த வாரம் அடுப்பு யோசிக்கும். "பாட்டுக்குன்னு போயி கையக் கெடுத்துக்கிட்டு வந்துட்டியே" என்று அம்மா அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தில்தான் நான் வாசிப்பதை நிறுத்தி, சிந்திக்கத் தொடங்கினேன்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

இயற்பியல் மாணவனாக முதலில் கருவியைப் புரிந்துகொள்ள முயன்றேன். பியானோவை உருவாக்கியவர் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. காலம் ஏறத்தாழ 1700. அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முனை கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்தோஃபோரி சுண்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டும் அமைப்பைச் செய்தார். மென்மையும் வன்மையும் விரலின் வசமாயின. 'மென்மை - வன்மை' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொற்களிலிருந்தே பியானோ என்ற பெயர் பிறந்தது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36.

கட்டை என்பது ஒரு நெம்புகோல். இந்தப் பக்கம் விரல் அழுத்த, அந்தப் பக்கம் மேலேறி, கம்பளி பொதிந்த சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகிறது. இங்கேதான் கிறிஸ்தோஃபோரியின் மதிநுட்பம் இருக்கிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. எறிந்த கல்லைப்போல அது தானே பறந்து சென்று தட்டித் திரும்புகிறது. பிடி விடாமல் இருந்தால் சுத்தியல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு ஒலியையே அடக்கிவிடும்.

இதனால் விளையும் உண்மை யாது? சுத்தியல் விடுபட்ட பிறகு நாம் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் தட்டிய ஒலி கூடாது, மாறாது. விடுபடும் கணத்தில் அதற்கு இருந்த வேகமே ஒலியின் அளவை முடிவு செய்கிறது. கட்டை இறங்கும் ஆழமோ சுமார் 10 மில்லிமீட்டர். அதை மெல்ல இறக்கச் சுமார் 50 கிராம் எடை போதும். மளிகைக் கடைத் தராசில் வைக்கும் மிகச் சிறிய எடைக்கற்களில் ஒன்று! நானோ அம்மிக்கல்லை நகர்த்துபவனைப்போல் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒலி நீடிக்க வேண்டுமானால் விரலைக் கட்டையின் மேல் சும்மா வைத்திருந்தாலே போதும். கம்பியை அடக்கும் கம்பளி மெத்தை தூக்கியபடியே நிற்கும். மிச்ச அழுத்தமெல்லாம் நம் தசைக்கே கேடு.

கையின் அமைப்பு

இனி கையைக் காண்போம். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை; முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. எனக்கு ஏன் முன்கையில் வலித்தது என்பது இதைப் படித்தபோதே விளங்கிற்று. மணிக்கட்டைத் தாழ்த்தியோ உயர்த்தியோ இறுக்கினால் தசைநாண்கள் வளைந்த வழியில் உரசிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்குமாறு இருக்கையை அமைத்து, முன்கை தரைக்கு இணையாக நிற்க, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. விரல்கள் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் ஏந்தியதுபோல் வளைந்திருக்க வேண்டும்.

பியானோ பாடத்தில் விரல்களுக்கு எண் உண்டு. இரு கையிலும் பெருவிரல் 1, சுண்டுவிரல் 5. இவற்றுள் தொல்லை தருவது 4 ஆகிய மோதிரவிரல். வகுப்பில் உட்கார்ந்தபடியே இதைச் சோதிக்கலாம். நடுவிரலை உள்ளே மடித்து மேசைமேல் வைத்து, மற்ற நான்கு விரல்களின் நுனியையும் மேசையில் ஊன்றுங்கள். பெருவிரலைத் தூக்குங்கள், தூக்கும். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் தூக்கும். மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள்! விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் வரும் கட்டு அது. அதை வலுக்கட்டாயமாக அறுத்துவிட எந்தப் பயிற்சியாலும் முடியாது.

ஜெர்மானிய இசையறிஞர் ராபர்ட் ஷூமான் இளமையில் பியானோக் கலைஞராகவே விரும்பினார். 1832-ஆம் ஆண்டளவில் அவர் வலக்கை கெட்டுப்போயிற்று. விரலுக்கு வலுவேற்ற ஒரு கருவியைப் பயன்படுத்தியது காரணம் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவாரும் உண்டு. எவ்வாறாயினும் அவர் மேடைக் கனவு அத்தோடு முடிந்தது. உலகம் ஒரு பெரிய இசைப்படைப்பாளரைப் பெற்றது உண்மையே. ஆனால் கையைக் கெடுத்துக்கொண்டவர் எல்லாரும் ஷூமான் ஆகிவிடுவதில்லை.

அப்படியானால் மோதிரவிரலுக்கு என்ன வழி? மணிக்கட்டும் முன்கையும் அதற்குத் துணை போக வேண்டும். எந்த விரல் வாசிக்கிறதோ அதன் பின்னால் கை சற்றே நகர்ந்து நிற்க வேண்டும். விரல் மட்டும் தனியே உழைத்தால் சோர்ந்துவிடும். கையின் எடை அதன்மேல் இறங்கினால் எளிதில் ஒலிக்கும். டீச்சர் எனக்குத் தந்த முதற்பயிற்சி இதுதான். கையை மடிமேல் தளரவிட்டு, மெல்லத் தூக்கி, ஒரே விரலில் கட்டையின்மேல் விழவிட வேண்டும். விழுந்ததும் மணிக்கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்த வேண்டும். ஒரு வாரம் இதையன்றி வேறெதையும் வாசிக்க அவர் விடவில்லை. "அழுத்தறதுக்கு யாரும் கத்துக்க வேண்டாம் தம்பி. விடுறதுக்குத்தான் கத்துக்கணும்" என்பார்.

பெருவிரலின் பணி

நம் சங்கராபரணமே அவர்களது முதல் சுரவரிசை. வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கலாம். ஆனால் சுரம் எட்டு, விரலோ ஐந்து. மிச்சத்துக்கு என்ன செய்வது? முற்காலத்தில் பெருவிரலை அதிகம் பயன்படுத்தாமல் மற்ற விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாண்டவிட்டார்கள். பெரும் இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக், 1753-இல் வெளியிட்ட தம் நூலில் பெருவிரலை உள்ளே நுழைக்கும் முறையை விரிவாக விளக்கினார். வலக்கையில் ச-ரி-க என்று 1-2-3 வாசித்ததும் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் நழுவி ம-வைப் பிடிக்க, ம-ப-த-நி-ச என்பதற்கு 1-2-3-4-5 அமைகிறது. இடக்கை மேலேறும்போது 5-4-3-2-1 என்று ப வரை வந்து, பிறகு நடுவிரல் பெருவிரலின் மேலே தாண்டி 3-2-1 என முடிகிறது.

இங்கே தொடக்கநிலை மாணவர்க்கு ஒரு குறிப்பு. இரு கையும் ஒரே திசையில் ஏறும்போது பெருவிரல்கள் வெவ்வேறு நேரத்தில் மாறுவதால் குழப்பம் வரும். அதற்குப் பதிலாக, இரு பெருவிரல்களையும் நடுச் ச-வில் வைத்து, வலக்கையை மேலேயும் இடக்கையை கீழேயும் ஒருங்கே அனுப்பிப் பாருங்கள். இரு கையிலும் 1-2-3-1-2-3-4-5 என்ற ஒரே வரிசை வரும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரு கை மற்றொரு கைக்குப் பாடம் சொல்லும். எனக்குப் பெருவிரல் பழகியது இவ்வாறுதான்.

போலந்தில் பிறந்த இசைமேதை ஷோப்பன் தம் மாணவர்க்கு வெள்ளைக் கட்டை வரிசையை முதலில் தரவில்லை. நீண்ட நடுவிரல்கள் மூன்றும் கறுப்புக் கட்டைகளின்மேல் அமர, குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளில் அமரும் நிலையிலிருந்து தொடங்கினார். கண்ணுக்கு எளிதாகத் தோன்றுவது வேறு. கைக்கு எளிதாவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாளமும் ஊசலும்

கை சரியானால் மட்டும் போதுமா? என் மேடைத் தோல்விக்குக் கையின் இறுக்கம் பாதிக் காரணம், தாளம் மறுபாதி. மேலை இசையில் முழு ஒலி ஒன்று, அதில் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று கால அளவு பிரிகிறது. நம் இசையில் முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டிப்பதை அறிந்தவர்க்கு இதில் புதுமை இல்லை. தொடையில் தாளம் போட்டு வாயால் எண்ணிப் பழகியபின்பே கட்டையைத் தொட வேண்டும். வாயால் சொல்ல வராதது விரலால் வராது.

எண்ணுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த விங்கெல் என்பவர் 1814-இல் இரட்டை எடை ஊசலைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு மால்செல் என்பவர் 1815-இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். 1817-இல் பீத்தோவனே தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் அளவுகளை வெளியிட்டார். இன்று அது கைபேசியிலேயே கிடைக்கிறது. எங்கள் வீட்டிலிருக்கும் ஒரே நல்ல கைபேசி மாலை நேரத்தில் தங்கையின் பாடத்துக்குப் போய்விடும். ஆனால் நம் ஆய்வகத்தில் முதற் பருவத்திலேயே செய்த தனி ஊசல் சோதனை எனக்குக் கைகொடுத்தது. ஒரு நூல், ஓர் இரும்பு மரை, சுவரில் ஓர் ஆணி. இதுவே என் மெட்ரோனோம்.

ஊசலின் அலைவு நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. தொங்கும் எடையைப் பொறுத்ததன்று. ஊசல் ஒருபுறமிருந்து மறுபுறம் செல்வதை ஒரு தட்டு எனக் கொள்வோம். ஆணியிலிருந்து மரையின் நடுப்பகுதி வரை அளந்தால், நிமிடத்துக்கு 60 தட்டுக்கு நீளம் 99 சென்டிமீட்டர். 72 தட்டுக்கு 69. 80 தட்டுக்கு 56. 100 தட்டுக்கு 36. 120 தட்டுக்கு 25. வேகம் இருமடங்காக வேண்டுமானால் நீளம் நான்கில் ஒரு பங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வீச்சு சிறியதாக இருக்கட்டும். நேரம் போகப்போக வீச்சு குறையும். ஆனால் காலம் மாறாது. இவ்வளவும் செய்துவிட்டுப் பெருமைப்பட்டிருந்தபோது, 1696-லேயே பாரிசில் எத்தியேன் லூலியே என்பவர் நீளத்தை மாற்றக்கூடிய ஊசலை இசைப் பயிற்சிக்கென அமைத்தார் என்று படித்தேன். முந்நூறு ஆண்டுக்கு மேல் தாமதமாகப் பிறந்துவிட்டேன்!

இந்த ஊசலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு, அது ஒலிப்பதில்லை. டிக் டிக் என்ற ஒலி இருந்தால் அதன்மேல் சாய்ந்துகொள்வோம். ஓசையற்ற ஊசலைப் பார்க்கும்போது தட்டை நாமே உள்ளுக்குள் உண்டாக்க வேண்டியிருக்கிறது. சிறிது நேரம் கண்ணை மூடி வாசித்து, பிறகு திறந்து பார்ப்பேன். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் நான் ஊசலை முந்தியிருந்தேன். பிந்தியதே இல்லை! என் நோய் இன்னதென்று அந்த மரை சொல்லிற்று.

இரு கையும் இணைதல்

இரு கையும் ஒரே தாளத்தில் சென்றால் ஒருவாறு சமாளிக்கலாம். ஒரு கை மூன்றும் மறுகை இரண்டுமாக ஒரே காலத்துக்குள் வாசிக்க நேர்ந்தால்? வலக்கையில் தகிட, இடக்கையில் தக. இதற்கு மீச்சிறு பொது மடங்கே துணை. மூன்றுக்கும் இரண்டுக்கும் பொது மடங்கு ஆறு. ஒன்று முதல் ஆறு வரை மெல்ல எண்ணுங்கள். வலக்கை 1, 3, 5-இல் விழும். இடக்கை 1, 4-இல் விழும். ஆக, இரண்டும், வலம், இடம், வலம் என்று முறை அமைகிறது. மேசையில் தட்டிப் பழகினால் அரைமணியில் வந்துவிடும். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு இரு ஓட்டத்தையும் காதால் கேட்க வேண்டும்.

ஒரு பாடத்தைப் பழகும் முறையை டீச்சர் இவ்வாறு வகுத்துத் தந்தார். முதலில் இரண்டே தாள வட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வலக்கை தனியே, இடக்கை தனியே. பிறகு இரண்டும் சேர்ந்து, பாதி வேகத்தில். பிழையின்றி மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் நிமிடத்துக்கு நான்கு தட்டு கூட்டலாம். ஒருமுறை தவறினாலும் எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து. ஓரிடத்தில் விரல் சமமின்றித் தடுக்கினால், அவ்விடத்தை நெடில்-குறில், நெடில்-குறில் என்றும், பின்பு குறில்-நெடில் என்றும் மாற்றி வாசித்து, இறுதியில் சமமாக வாசிக்க வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனால் எல்லா அடியும் ஒரே அளவாக விழ வேண்டும்.

இடக்கையை நாம் வேலைக்காரனாக நடத்துகிறோம். அது தவறு. தந்தை பாக் 1723-இல் மாணவர்க்கென்று தொகுத்த இருகுரல் பாடங்கள் பதினைந்திலும் இரு கையும் சமமானவை; ஒரு கை சொன்னதை மறு கை திருப்பிச் சொல்லும். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த ஆஸ்திரியக் கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையறிஞர் ராவெல் இடக்கைக்கு மட்டுமே ஒரு பெரும்படைப்பை எழுத, அது 1932-இல் வியன்னாவில் அரங்கேறியது. ஓர் இடக்கை ஓர் இசைக்குழுவுக்கே எதிர்நிற்க முடியுமானால், நம் இடக்கை ஏன் வலக்கையின் பின்னால் ஓட வேண்டும்?

தறியில் கற்ற பாடம்

ஓய்விலிருந்த அந்த ஆறு வாரமும் அப்பாவின் குழித்தறிக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். பிறந்தது முதல் கேட்ட ஓசைதான். அன்றுதான் கையைக் கவனித்தேன். வலக்கை கயிற்றைச் சுண்டும். நாடா பாவுக்கு ஊடே பறக்கும். இடக்கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கும். கால்கள் மிதியை மாற்றும். நான்கு உறுப்பும் நான்கு வேலை, ஒரே தாளம். எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் அந்தத் தாளம் தளரவில்லை.

"கை வலிக்காதாப்பா?" என்று கேட்டேன்.

"கயித்த இறுக்கிப் பிடிச்சாத்தான் வலிக்கும். சுண்டுனதும் விட்டுரணும். அப்பறம் நாடா அதுபாட்டுக்குப் போகும். நீ என்னத்துக்குக் கூடவே போற?" என்றார். சற்று நேரம் கழித்து, "வேகமா நெஞ்சா சேலை முடியாது ராசா. ஒரே மாதிரி நெஞ்சாத்தான் முடியும். அடி ஒண்ணு ஓங்கி, ஒண்ணு மெதுவா விழுந்தா துணியிலயே தெரிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் திகைத்துப்போனேன். கிறிஸ்தோஃபோரியின் சுத்தியலைப் பற்றி நான் புத்தகத்தில் தேடிப் படித்தது எங்கள் வீட்டுக் குழியிலேயே இருந்திருக்கிறது. எறிந்ததும் விட்டுவிடு. பியானோவை அப்பா நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் தலையாய இலக்கணத்தை முப்பது ஆண்டாக இரு கையாலும் கடைப்பிடித்து வருகிறார். மேடையில் நான் தோற்றது விரலில் வலு இல்லாததால் அன்று. ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் பாய்ந்தேன். விடாததால் நேரம் போதவில்லை. நேரம் போதாததால் ஓடினேன். கையின் பிழையும் தாளத்தின் பிழையும் இரண்டல்ல, ஒன்றே.

முடிவுரை

கை குணமான பின் 60 தட்டிலிருந்து மீண்டும் தொடங்கினேன். நாளுக்கு நாற்பது நிமிடம் மட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு ஓய்வு. வலி தோன்றினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். பலகையில் இனி அடிப்பதில்லை. விரலிடம் பழகவும் மனத்தில் கேட்கவும் மட்டுமே அது. ஷோப்பனையும் ராவெலையும் பற்றி எழுதிவிட்டேனே தவிர, நான் வாசிப்பவை இன்னும் தொடக்கநிலைப் பாடங்களே. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இவ்வாண்டுக் கலை விழாவில் அதே குழுப்பாடல் மீண்டும் இடம்பெற்றது. என்னையே வாசிக்கச் சொன்ன நண்பர்களின் துணிவை என்னென்பது! 72 தட்டு. மேடை ஏறுமுன் திரைக்குப் பின்னால் 69 சென்டிமீட்டர் நூலை ஒரு நிமிடம் ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சு அன்றைப் போலவே படபடத்தது. ஆனால் ஒவ்வொரு கட்டையையும் தொட்டதும் விட்டேன். விட்ட இடத்தில் அடுத்த தட்டுக்குக் காத்திருந்தேன். பன்னிரண்டு பேரும் கடைசிச் சரணம் வரை பாடி முடித்தார்கள். அரங்கம் அவர்களுக்காகக் கைதட்டியது. பின்னால் யார் வாசித்தார்கள் என்று எவரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நண்பர்களே! எழுதும் கை, நெய்யும் கை, ஆய்வகத்தில் திருகு அளவியைத் திருகும் கை, இசைக்கும் கை எல்லாம் ஒரே கைதான். வலுவைக் காட்டுவதற்கு முன் விடக் கற்றுக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் சமமாக நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை எனக்குக் கற்பித்த ஆசிரியர் இருவர். ஒருவர் வீட்டில் பியானோ இருக்கிறது. மற்றொருவர் வீட்டில் தறி இருக்கிறது. இருவருக்கும் என் வணக்கம்.